பதினொரு மில்லிமீற்றர்

இடது கை குழலை மரக்கவ்வியோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை அரத்தை முன்னே தள்ளியது; திரும்ப இழுக்கும்போது இரும்பில் படாமல் தூக்கிக்கொண்டது. போகும்போதும் வரும்போதும் தேய்க்கிறவன் அரத்தையும் கெடுப்பான், வேலையையும் கெடுப்பான். பத்துத் தள்ளலுக்கு ஒருமுறை கைகள் நின்றன. சிறிய மூலைமட்டம் ஒன்றை எடுத்துக் குழலின் வாயில் வைத்து, மட்டத்துக்கும் இரும்புக்கும் நடுவே மின்குமிழின் வெளிச்சம் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்தன. ஒரு மயிரிழை வெளிச்சம் இடது குழலின் மேல் விளிம்பில் தெரிந்தது. மறுபடி அரம். வலது கையின் சுண்டுவிரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல் நீட்டியபடியே இருந்தது. அது மடங்காத விரல்.

வெளிச்சம் முற்றாக அடைபட்டதும் மாமாங்கம் அரத்தை வைத்துவிட்டு, அந்தத் துவக்குக் குழலைத் துணியால் துடைத்து, உருக்கு அளவுகோலை அதன்மேல் படுக்கவைத்தார். அடியிலிருந்து வாய்வரை நானூற்று ஐம்பத்தொன்பது மில்லிமீற்றர். சட்டம் கேட்பது நானூற்று ஐம்பத்தேழு. இரண்டு மில்லிமீற்றர் சட்டத்துக்கு மேலே விட்டிருந்தார். திருப்தியாக இருந்தது. ரொறன்ரோவுக்கு வந்த இந்த இரண்டு வருடத்தில் அப்படியொரு திருப்தி அவருக்கு வந்ததில்லை.

அது 1986ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமைக் காலை. வோபர்னில் ஒரு செங்கல் வீட்டின் பேஸ்மன்ற் அறை. ஜன்னல் தரைமட்டத்தில் இருந்ததால் பனி அதன் பாதியை மூடியிருந்தது. வீட்டுக்காரர் உடுப்பு உலர்த்தும் மூலையில் மாமாங்கம் ஒரு பழைய மேசையைப் போட்டு, அதில் இடுக்கி பூட்டி, அதைத் தன் பட்டறை என்று சொல்லிக்கொண்டார்.

மாமாங்கம் மட்டக்களப்பில் படுவான்கரையைச் சேர்ந்தவர். வாவிக்கு மேற்கே வயல்; வயலுக்கு மேற்கே காடு. யானையும் பன்றியும் இறங்கும் இடம் என்பதால் வயற்சொந்தக்காரரான போடிமாருக்கெல்லாம் அரசாங்கக் கச்சேரியில் வேட்டைத் துவக்கு வைத்திருக்க அனுமதி உண்டு. மாமன் முறையானவரின் கொல்லுப்பட்டறையில் கலப்பைக் கொழு அடித்துக்கொண்டிருந்த மாமாங்கத்துக்குத் துவக்கைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரோ உடைந்ததென்று எறிந்துவிட்டுப் போன ஒன்றை அக்கக்காகக் கழற்றி, ஆறு மாதம் பாயில் பரப்பிவைத்து, எந்த இரும்பு எதைத் தள்ளுகிறது என்று தானாகவே கண்டுபிடித்தார். முப்பது வயதாகும்போது வெல்லாவெளியிலிருந்தும் கொக்கட்டிச்சோலையிலிருந்தும் துவக்குகள் அவரைத் தேடி வந்தன. பழுது பார்ப்பாரே தவிர, ஒருநாளும் புதிதாகச் செய்ததில்லை.

எண்பத்து நாலாம் ஆண்டு நண்பகல் ஒன்றில் மூன்று இயக்கத்துப் பெடியன்கள் சைக்கிளில் வந்தார்கள். மரியாதையான பிள்ளைகள். கொப்பித் தாளில் படம் கீறிக் கொண்டுவந்திருந்தார்கள். இடுப்புச் சாரத்துக்குள் செருகக்கூடிய கட்டைத் துவக்கு. "நீங்க செஞ்சா திறமா வரும் மாமா," என்றார்கள். தனக்குச் செய்யத் தெரியாது என்று சொல்லி அனுப்பினார். எட்டாம் நாள் இராணுவம் வந்து அவரை முகாமுக்குக் கொண்டுபோனது. யாருக்குக் கட்டைத் துவக்கு செய்கிறாய் என்று கேட்டார்கள். யாருக்கும் இல்லை என்ற பதிலை ஒன்பது நாள் திரும்பத் திரும்பச் சொன்னார். சுண்டுவிரல் அங்கேதான் மடங்காமல் போனது. விடுவித்த மறுமாதம் கொழும்புக்கும், அங்கிருந்து ஜேர்மனிக்கும், அங்கிருந்து இங்கேயுமாக வந்துசேர்ந்தார். மனைவி கோணேஸ்வரியும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஊரில்.

இப்போது மினிஸ்டர் பெர்மிற் என்ற தற்காலிக அனுமதியில் இருந்தார். ஜனவரி பத்தொன்பதாம் திகதி லாண்டிங் இன்ரவியூ. அது சரிவந்தால் அவர் நிரந்தரமாக இருக்கலாம். மனைவி பிள்ளைகளைக் கூப்பிடலாம். கோணேஸ்வரியின் கடைசிக் கடிதத்தில் மூத்தவளைப் பள்ளிக்கூடத்தால் மறித்துவிட்டதாக எழுதியிருந்தாள். துறையில் ஆமிக்காரர் காவல் சென்றி போட்டிருக்கிறார்கள், தோணி ஏறுகிற பிள்ளைகளை இறக்கி விசாரிக்கிறார்கள், நீங்கள் கெதியாகக் கூப்பிடுங்கள் என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தாள்.

துவக்கு கஸ்பருடையது. யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரன், கப்பலில் வந்து இறங்கி ஏழு வருடமாகிவிட்டது, குடியுரிமையும் எடுத்துவிட்டான். மாமாங்கம் வேலைசெய்யும் தொழிற்சாலையில் அடுத்த லேத் எந்திரத்தில் நின்றான். இத்தாலிக்கார அயலவர்களோடு சேர்ந்து காட்டு வாத்துச் சுடப் போவான். ஐப்பசியில் குழல் வாயில் சேறு அடைத்தது தெரியாமல் சுட்டதில் இரட்டைக் குழலும் வாய்ப்பக்கம் பிளந்துவிட்டது.

"அண்ணை, வாழைப்பூ மாதிரி விரிஞ்சு கிடக்கு. உதுக்கு வைத்தியம் இருக்கோ, இல்லாட்டிக் கிடங்கு வெட்டித் தாக்கிறதோ?" என்று கேட்டான்.

கழற்றிப் பார்த்தபோது மாமாங்கத்தின் கை ஊறியது. ஆனால் கை வைக்கவில்லை. "முதல்ல சட்டம் பாக்கணும் தம்பி," என்றார்.

"என்ன சட்டம்? நீங்கள் பொல்லாத பயந்தாங்கொள்ளி."

நூலகத்துக்குப் போய்க் குற்றவியல் சட்டத்தில் துவக்குப் பகுதியைப் படப்பிரதி எடுத்தார். தமிழ் அகராதியை வைத்துக்கொண்டு மூன்று வாரம் படித்தார். பொலிசுக்கு விண்ணப்பம் போட்டு, துவக்குப் பெறுவதற்கான அத்தாட்சிப் பத்திரம் தன் பெயரிலும் எடுத்தார். பிறகுதான் கஸ்பரைக் கூப்பிட்டார்.

"குழல வெட்டலாம். நானூத்தி அம்பத்தேழுக்குக் குறையப்படா. குறைஞ்சா அது தடைசெய்த சாமான். வச்சிருக்கிறவனுக்கு அஞ்சு வருசம் வரைக்கும் மறியல் வீட்டில போடுவானுகள். உன்னட்டக் காசு வாங்கமாட்டன். வாங்கினா யாவாரம், யாவாரத்துக்கு வேற பெர்மிற்."

"அப்ப வெட்டுற துண்டிலை எனக்கொரு பிஸ்ரல் செய்து தாங்கோவன். காருக்கை வைச்சிருக்க."

மாமாங்கம் சிரிக்கவில்லை. "ஒத்தக் கையால சுடுறது எல்லாம் பொலிஸில பதியணும். வீட்டுக்குள்ள இருந்து செய்ய உனக்கும் எனக்கும் ஒருத்தனும் அனுமதி தரமாட்டான். பகிடிக்கும் அந்தக் கதை என்னோட கதைக்காத."

கஸ்பர் துவக்கை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

பிளந்த பாகத்தை மட்டும் வெட்டினால் இருபத்திரண்டு அங்குலம் மிஞ்சியிருக்கும். ஆனால் உள்ளே துருக்குழிகள் இருந்தன. துருக்குழி உள்ள இடத்தில் குழல் மெலிந்திருக்கும். மெலிந்த இடத்தில் இன்னொரு நாள் வெடிக்கும். மாமாங்கம் ஒரு குழியைக்கூட விட மனம் இல்லாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்துப் பின்வாங்கினார். கடைசிக் குழி சட்டத்தின் எல்லைக்குச் சற்று வெளியே முடிந்தது. அந்த எல்லைவரை போகலாம் என்று சட்டமே சொல்லும்போது வேறு என்ன வேண்டும்?

வாய் சரியானபின் குறிபார்க்கும் மணி ஒன்றுதான் பாக்கி. அதை வாங்கக் கிங்ஸ்ரன் வீதியில் இருந்த துவக்குக் கடைக்குப் போனார். கடைக்காரர் ஹங்கேரிக் கிழவர். ஆங்கிலம் மாமாங்கத்தினுடையதைவிடக் கொஞ்சம்தான் மேல். எவ்வளவு வெட்டினாய் என்று கேட்டார். மாமாங்கம் தாளில் 459 என்று எழுதிக் காட்டினார். கிழவர் புருவத்தை உயர்த்தி, எங்கேயிருந்து அளந்தாய் என்றார். மாமாங்கத்துக்கு விளங்கவில்லை.

கிழவர் சுவரிலிருந்து ஒரு இரட்டைக் குழல் துவக்கை எடுத்தார். திறந்து, வெறுமையாக இருக்கிறது என்று காட்டினார். மூடினார். ஒரு மரக்கோலைக் குழல் வாய்க்குள் விட்டார். அது உள்ளே போய் அடியில் தட்டி நின்றது. வாயின் மட்டத்தில் கோலை நகத்தால் குறித்து, வெளியே எடுத்து, அளவுகோலில் வைத்தார். "பொலிஸ் இப்படித்தான்," என்றார்.

மாமாங்கம் கோலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மணியை வாங்காமலே வாசல்வரை போய், திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போனார்.

கஸ்பருடைய துவக்கில் இரண்டு குழலுக்கும் நடுவே, அடிப்பக்கத்தில், நாக்குப்போல ஒரு இரும்பு பின்னால் நீண்டிருந்தது. துவக்கை மூடும்போது அது உடலுக்குள் புகுந்து பூட்டிக்கொள்ளும். படுவான்கரையில் குழலைக் கழற்றித் தரையில் கிடத்தித்தான் அளப்பார்கள். இரும்பு எங்கே தொடங்குகிறதோ அங்கேயிருந்து, முடிகிற இடம்வரை. நாக்கும் அதே இரும்புதானே. இருபது வருடம் அப்படித்தான் அளந்தார். அங்கே யாரும் அதற்கு வேறு அர்த்தம் கேட்டதில்லை. இங்கே சட்டத்தாளில் நீளம் எழுதியிருந்ததே தவிர, எங்கே தொடங்குவது என்று எழுதியிருக்கவில்லை. அவருக்கும் அப்படியொரு கேள்வி இருப்பதே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து துவக்கைப் பூட்டி, மூடி, பித்தளைக் கம்பியை உள்ளே விட்டார். நானூற்று நாற்பத்தாறு. இன்னொருமுறை விட்டார். நானூற்று நாற்பத்தாறு. நாக்கு பதின்மூன்று மில்லிமீற்றர் இருந்தது. கணக்குச் சரியாகத்தான் வந்தது.

பதினொரு மில்லிமீற்றர் குறைவு. கொப்பித் தாளில் கீறிவந்த பெடியன்களுக்குச் செய்யமாட்டேன் என்றதை, இராணுவம் அடித்துக் கேட்டபோதும் செய்யவில்லை என்றதை, இப்போது தன் மேசையில் தானே செய்து வைத்திருக்கிறார்.

மறுநாள் கஸ்பர் வந்து கேட்டுவிட்டு முதலில் சிரித்தான். "பதினொரு மில்லிமீற்றரோ? என்ரை நகத்தைவிடச் சின்னன்! ஆர் கம்பி விட்டுப் பாக்கப் போறான்?"

"நான் பாத்துட்டன்."

"அப்ப வெட்டின துண்டைத் திரும்ப ஒட்டுங்கோ. உங்கடை ஊரிலை மந்திரம் போட்டு ஆளைப் பாயோடை ஒட்டி வைப்பியளாம். இரும்போடை இரும்பை ஒட்டேலாதோ?"

"ஒட்டினா ஒட்டும். அந்த ஒட்டு விடுற நாளில உன்ட முகம் அதுக்குப் பக்கத்தில இருக்கும். அப்பிடி ஒரு வேல நான் செய்யமாட்டன்."

கஸ்பரின் சிரிப்பு போய்விட்டது. குரலைத் தாழ்த்தினான். "சரி. எனக்குத் துவக்கே வேண்டாம். இண்டைக்குக் காரிலை ஏத்துவம். ரூஜ் ஆத்திலை போட்டிட்டு வருவம். ஐஸ் மூடிவிடும். உங்களுக்கு இன்ரவியூ கிட்டுது. உங்கடை பொம்பிளைப் பிள்ளையளை நினைச்சுப் பாருங்கோ."

"அதுகள நினைச்சுத்தான் சொல்றன். எங்கட பக்கத்து வளவில கந்தப்போடி ஒரு துவக்கக் கிணத்தில போட்டவர். லைசன் உள்ள துவக்குத்தான். ஆமி வாறான் எண்ட பயத்தில போட்டவர். அவனுகள் கிணற இறைச்சானுகள். ரெண்டு மகனையும் கொண்டு போனானுகள். மறைச்ச துவக்குக்கு ஒரு நியாயமும் சொல்ல ஏலா தம்பி. குறுக்கின துவக்கு ஆத்துக்குள்ள கிடந்து ஆரும் எடுத்தா, அத எதுக்குக் குறுக்கினது எண்டு நீயும் நானும் சொல்லி ஆர் நம்புவான்?"

"இது கனடா அண்ணை. இஞ்சை கிணறு இறைக்கமாட்டாங்கள்."

"இன்ரவியூவில கேப்பான், குற்றம் ஏதும் செஞ்சயா எண்டு. நான் என்ன சொல்ற?"

"இல்லை எண்டு சொல்லுங்கோ! உலகத்திலை ஆர் ஓம் எண்டு சொன்னவன்?" கஸ்பர் எழுந்து ஜக்கற்றைப் போட்டுக்கொண்டான். "என்னவும் செய்யுங்கோ. என்ரை பேரை மட்டும் இழுக்காதேங்கோ. எனக்கு அந்தத் துவக்கைத் தெரியாது."

படியேறிப் போனவன் ஒரு கிழமை வேலையில் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

இலவச சட்ட உதவி நிலையத்தில் புனிதவதி என்ற யாழ்ப்பாணத்துப் பெண் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். முன்னர் ஆசிரியை. மாமாங்கம் சொன்னதை இடையில் குறுக்கிடாமல் எழுதி, உள்ளே வழக்கறிஞரிடம் கொண்டுபோனார். அரைமணி நேரம் கழித்து வந்தார்.

"துவக்கு இப்ப எங்கை?"

"வீட்டில. கொண்டு வரலாமெண்டு நினைச்சன்…"

"ஐயோ, அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலை ஏறிப்போடாதேங்கோ! பஸ் நிக்க முதல் பொலிஸ் நிக்கும்." புனிதவதி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கேளுங்கோ அண்ணை. நாங்கள் போன் எடுத்துச் சொல்லுவம். பொலிஸ் ஒராள் உங்கடை வீட்டை வருவார். நீங்கள் அவரிட்டைக் குடுக்கலாம். கட்டாயம் குடுக்கச் சொல்லி நாங்கள் சொல்லேல்லை. அதை முடிவெடுக்கிறது நீங்கள்."

"குடுத்தா என்ன நடக்கும்?"

"ஒண்டும் நடக்காமலும் போகலாம். தானாக் கூப்பிட்டுக் குடுத்தவர், தெரியாமல் செய்தவர் எண்டு விடலாம். இல்லாட்டி வழக்குப் போடலாம். வழக்கு எண்டால் அது முடியுமட்டும் உங்கடை லாண்டிங் நிக்கும். ஒரு வருசமோ ரெண்டு வருசமோ. குற்றவாளி எண்டு தீர்த்தால் திருப்பி அனுப்பவும் ஏலும். இதிலை எது எண்டு லோயரும் எழுதித் தரமாட்டா."

மாமாங்கம் தன் கைகளைப் பார்த்தார். "ரெண்டு வருசம் அதுகள் அங்க இருக்க ஏலா புள்ள."

"எனக்கு விளங்குது."

"குடுக்காட்டி?"

"உங்களிட்டைத் தடைசெய்த ஆயுதம் ஒண்டு இருக்கு. அவ்வளவுதான். இண்டைக்கும் இருக்கும், இன்ரவியூ அண்டைக்கும் இருக்கும், அதுகள் வந்து இறங்கிற அண்டைக்கும் இருக்கும்."

அடுத்த அறையில் யாரோ தட்டச்சு அடித்துக்கொண்டிருந்தார்கள். புனிதவதி பேனாவை மூடினார்.

"ஒண்டு கேக்கட்டே? குறை நினைக்காதேங்கோ. அங்கை இதாலை அவ்வளவு பட்டிட்டு வந்தனீங்கள். இஞ்சை ஏன் திரும்பத் துவக்கைத் தொட்டனீங்கள்?"

மாமாங்கம் யோசித்துத்தான் பதில் சொன்னார். "பக்டரியில கதவுப் பிணைச்சலுக்கு ஊசி கடையுறன். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு. சரியா வந்தாலும் அது மெசின்ட வேல. பிழைச்சாலும் மெசின்ட பிழை. நான் இஞ்ச வந்தத்துக்குப் புறகு, இது என்ட வேல எண்டு சொல்ல ஒரு சாமான் இல்ல." பிறகு, "இப்ப இந்தப் பிழை என்ட பிழை," என்றார். "போன் எடுங்க."

வழக்கறிஞர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: இனி அந்தத் துவக்கில் கை வைக்க வேண்டாம், இருக்கிறபடியே இருக்கட்டும். மாமாங்கம் தலையாட்டிவிட்டுத்தான் வந்தார்.

ஜனவரி ஆறாம் திகதி காலை பத்து மணிக்குப் பொலிஸ் வருவதாக ஏற்பாடு. அன்று வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, ஏழு மணிக்கே மேசையில் உட்கார்ந்தார். குழல் வாய்க்குச் சற்றுப் பின்னால் மணிக்கென்று அவர் துளைத்த ஓட்டை திறந்தபடி கிடந்தது. கொண்டுபோய் உருக்கப்போகும் இரும்பு. மணி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. வழக்கறிஞரின் சொல்லும் நினைவில்தான் இருந்தது. ஆனால் அரைகுறையாக ஒரு வேலை தன் கையைவிட்டுப் போனதில்லை. மணியைத் திருகி, நேர் பார்த்து, இறுக்கினார். குழல்களை எண்ணெய்த் துணியால் உள்ளும் புறமும் துடைத்தார். தன் அத்தாட்சிப் பத்திரத்தையும், சட்டத்தாளின் படப்பிரதியையும், வெட்டி எடுத்த துண்டையும் வரிசையாக வைத்தார். மேசையைக் கூட்டினார்.

ஒன்பதே முக்காலுக்குப் புனிதவதி வந்தார். அவருக்குப் பின்னால், கோவிலுக்குப் போகிற உடுப்புப் போட்டுக்கொண்டு, கஸ்பர்.

"நீ எங்க தம்பி இஞ்ச?"

"பின்னை? அது என்ரை துவக்கு," என்றான் கஸ்பர் வேறு எங்கோ பார்த்தபடி. "அநாதைப் பிணம் மாதிரி விடேலுமே." தன் அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்து மாமாங்கத்தினுடையதற்குப் பக்கத்தில் வைத்தான். "உங்களைக் கூண்டிலை ஏத்தினால் பக்கத்திலை எனக்கும் ஒரு இடம் விடுங்கோ. நல்லாச் சாப்பாடு போடுவாங்களாம்."

யாரும் சிரிக்கவில்லை; அவனும்.

பொலிஸ்காரர் நரைத்த மீசை வைத்த, நெடிய மனிதர். படியிறங்கும்போது கூரையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தார். காலணிப் பனியைத் தட்டிவிட்டு, தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். படப்பிரதியில் பென்சிலால் தமிழில் எழுதியிருந்த குறிப்புகளில் அவர் கண் கொஞ்சம் நின்றது. தன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து திகதியும் நேரமும் எழுதினார்.

"எவ்வளவு நீளம்?"

புனிதவதி திரும்பிப் பார்க்குமுன்பே மாமாங்கம், "போர் போர் சிக்ஸ்," என்றார்.

பொலிஸ்காரர் எழுதினார். முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. அதைவைத்து எதையும் கணிக்க முடியவில்லை.

"இதை வெட்டியது யார்?"

புனிதவதி தமிழில் சொல்ல வாயெடுத்தார். கஸ்பர் முன்னால் ஒரு அடி வைத்தான். மாமாங்கம் இருவரையும் கையால் தடுத்தார். துவக்கை எடுத்துத் திறந்து, குழல்களை ஜன்னல் பக்கம் உயர்த்தி, இரண்டுக்குள்ளும் பனி வெளிச்சம் அடிமுதல் வாய்வரை தடையில்லாமல் வருவதைக் காட்டினார். ஒரு குழியும் இல்லை. மூடினார். வாய் தன் பக்கம் வராமலும் அவர் பக்கம் போகாமலும் நிலத்தை நோக்கித் தாழ்த்தி, மரப்பிடியைப் பொலிஸ்காரர் பக்கமாகத் திருப்பினார்.

"ஐ கட்," என்றார். இரண்டு கையாலும் நீட்டினார்.

பொலிஸ்காரர் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டார்.